சாவு பயம்: "இப்போதே" என்பது வேறு, "ஒரு நாள்" என்பது வேறு

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்தார். வயது 46. உடற்பயிற்சியில் கறாரானவர் என்று பெயரெடுத்தவர். அடுத்த சில நாட்களுக்குப் பெங்களூரு ஜெயதேவா இருதய மருத்துவமனையில் வழக்கத்தை மிஞ்சிய கூட்டம். நெஞ்சு லேசாக வலிக்கிற மாதிரி இருக்கிறது, எதற்கும் ஓர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள்தான் அதில் நிறைய.

அந்த வாரத்தில் ஊரில் இருக்கிறவர்களின் இதயமெல்லாம் ஒரேயடியாகப் பழுதாகிவிடவில்லை. சாவு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. "அவருக்கே இப்படியென்றால் எனக்கு?" என்ற கேள்விதான் புதிது. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஈசிஜி சரியாக இருக்கிறது என்றதும் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் சிலரால் அது முடியாது. சாயங்காலத்துக்குள் மறுபடி சந்தேகம் வரும். "ஈசிஜியில் எல்லாமே தெரிந்துவிடுமா? எக்கோ ஸ்கேன் எடுத்திருக்க வேண்டுமோ?" இப்படியே மாதக்கணக்கில் ஓடும். அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பயத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, "நான் இப்போதே சாகப்போகிறேன்" என்கிற பயம். இது உடம்பில் வருவது. படபடப்பு, வியர்வை, மூச்சுமுட்டல் எல்லாம் இதோடு சேர்ந்து வரும். இன்னொன்று, "ஒரு நாள் நான் இல்லாமல் போய்விடுவேன்" என்கிற பயம். இது நினைப்பில் வருவது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வரும், பிள்ளை தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். நெஞ்சு பெரிதாக அடித்துக்கொள்ளாது. வயிற்றுக்குள் ஒரு வெறுமை, எதைச் செய்தாலும் "எதுக்கு இதெல்லாம்" என்ற கேள்வி.

பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குரிய பதிலை இன்னொன்றுக்குச் சொல்வதால்தான், "எல்லாரும் என்னிக்காவது போக வேண்டியவங்கதானே" என்ற ஆறுதல் நடுராத்திரியில் எடுபடுவதே இல்லை. அந்த நேரத்தில் அவருடைய பிரச்சினை என்றைக்கோ வரப்போகும் சாவு அல்ல. இன்னும் பத்து நிமிஷத்தில் வரப்போவதாக அவர் நம்புகிற சாவு.

ராத்திரி இரண்டு மணி

ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 34, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. இடது பக்க மார்பில் சுருக்கென்று ஒரு குத்தல். வேறு சமயமாக இருந்தால் புரண்டு படுத்திருப்பார். போன வாரம்தான் கூட வேலை பார்த்தவர் மாரடைப்பில் போனார். "அதுவா இருக்குமோ?"

அந்த ஒரு கேள்வி போதும். ஆபத்து என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது, அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிவிட்டது. மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணுகிறார். 110. "சும்மா உட்கார்ந்திருக்கும்போது 110ஆ?" பயம் இன்னும் ஏறுகிறது, நாடியும் ஏறுகிறது.

அடுத்து நடப்பதுதான் பலரை ஏமாற்றிவிடும். தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பதெல்லாம் கனவு மாதிரி தெரியும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். இடது கை மரத்துப்போகிறது என்றதும் அவருக்குச் சந்தேகமே போய்விடுகிறது, இது ஹார்ட் அட்டாக்தான். வலது கையும் அதே அளவு மரத்திருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்! காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். மரமரப்பு கூடுகிறது.

மனைவியை எழுப்புகிறார். "வாயுவா இருக்கும்" என்று அவர் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறார். கேட்கவில்லை. ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஈசிஜி. நார்மல். "டென்ஷன்தான், வேற ஒண்ணுமில்ல" என்று டூட்டி டாக்டர் அனுப்பிவிடுகிறார்.

இதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள். மனநல மருத்துவர்கள் இதைக் கண்டறிய வைத்திருக்கும் பட்டியலில் 13 அறிகுறிகள் உண்டு. படபடப்பு, வியர்வை, நடுக்கம் என்று போகிற அந்தப் பட்டியலில் "செத்துவிடுவேன் என்ற பயம்" என்பதும் ஒன்று. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வியர்வை எப்படி ஓர் அறிகுறியோ, அப்படியே அந்த நினைப்பும் ஓர் அறிகுறி. நாம் வியர்வையை வியர்வையாக எடுத்துக்கொள்கிறோம். நினைப்பை மட்டும் தகவலாக எடுத்துக்கொள்கிறோம்.

உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்து என்று தப்பாகப் படிப்பதுதான் இந்தச் சுழலை ஓட்டுகிறது என்பதை, டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் தெளிவாக எடுத்துச் சொன்னார். இன்றைக்குப் பேனிக்குக்குச் செய்யும் பேச்சுச் சிகிச்சை பெரும்பாலும் அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. ஆள் எதுவும் செய்யாவிட்டாலும் இந்த அலை பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். மணிக்கணக்கில் அதே உச்சத்தில் நிற்க உடம்பால் முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை நெஞ்சுவலி வரும்போது இந்த மாதிரிக் கட்டுரையை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. படி ஏறும்போதோ நடக்கும்போதோ வந்து, உட்கார்ந்தால் குறைகிற வலி, நெஞ்சை அழுத்துகிற பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கூடவே குளிர்ந்த வியர்வை என்றால் உடனே 108. சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரலாம் என்பதால் அவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், காபி டீ அளவுக்கு மீறினாலும் படபடப்பு வரும். ஆகவே ஒருமுறை, ஒழுங்காக, ஒரே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்த "ஒருமுறை" முக்கியம். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

நிம்மதிக்குக் கட்டும் வட்டி

ஈசிஜி நார்மல் என்று கேட்டதும் வருகிற நிம்மதி கந்துவட்டிக் கடன் மாதிரி. அந்த நேரத்துக் கஷ்டம் தீரும். ஆனால் அடுத்த தவணைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் ஓர் ஈசிஜி ஒரு மாதத்துக்குத் தாங்கும். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே சந்தேகம் வந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது ஈசிஜியோடு நிற்பதில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை பிபி மெஷினைக் கையில் கட்டிக்கொள்வது, ஸ்மார்ட் வாட்ச்சில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பது, "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பது, இடது தோள்வலிக்குக் காரணம் என்னவென்று கூகுளில் தேடுவது. ஒவ்வொரு தடவையும் மூளை ஒரே பாடத்தைத்தான் படிக்கிறது: "சோதித்துப் பார்த்ததால்தான் தப்பித்தோம்." சோதிக்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வாசல் உண்டு, ஜோசியம். "நாற்பத்திரண்டு வயசுல ஒரு கண்டம் இருக்கு, அதைத் தாண்டிட்டா தீர்க்காயுசு" என்று எவரோ என்றைக்கோ சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நாற்பத்தொன்றாவது பிறந்தநாளிலிருந்து தூங்காமல் கிடக்கிறவர்கள் உண்டு. பரிகாரம் செய்தால் கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு இன்னொரு ஜோசியரிடம் ஜாதகத்தை நீட்டி "இவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்" என்று தொடங்கும். சாமி கும்பிடுவதை நான் இதில் சேர்க்கவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வேலையைப் பார்க்க முடிகிறதென்றால் நல்லதுதான். கும்பிட்டது சரியாக இருந்ததா, ஒரு சுற்று குறைந்துவிட்டதோ என்று திரும்பிப் போகிறீர்கள் என்றால் அதுவும் ஸ்மார்ட் வாட்ச்சின் இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆயுள் கணக்குச் சொல்லிப் பயமுறுத்துகிற ஜோசியர்கள் மேல் மட்டும் எனக்குத் தனியாகவே கோபம் உண்டு.

இதன் மறுபக்கம், ஒதுங்குவது. நம் தெருக்களில் சாவு ஒளிந்திருப்பதில்லை. முக்குக்கு முக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சிரித்த முகத்தோடு போட்டோ, கீழே தோற்றம், மறைவு. வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலேயே ஆழ்ந்த இரங்கல். பறைச் சத்தமும் வெடியுமாகத் தெருவில் போகும் ஊர்வலம். இந்தப் பயம் முற்றியவர் போஸ்டர் ஒட்டும் சுவர் இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிப் போவார். போஸ்டரில் முதலில் வயதைத்தான் கணக்குப் போடுவார். தன் வயதுக்குப் பக்கத்தில் இருந்தால் அன்றைய பொழுது போயிற்று. துக்கம் விசாரிக்கப் போகமாட்டார், தெற்கத்தி ஆட்கள் துஷ்டி என்பார்களே, அதற்கும் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துவிடுவார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஒதுங்க ஒதுங்க உலகம் சுருங்கும், பயம் வளரும்.

திருப்பிப் போகும் வழி

வைத்தியத்தின் சாரம் கேட்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும்: சோதிப்பதைக் குறைக்க வேண்டும், ஒதுங்கியதை நோக்கிப் போக வேண்டும். ஒரே நாளில் அல்ல, படிப்படியாக.

திருப்பூர்க்காரர் விஷயத்தில் இது எப்படி இருக்கும்? முதல் வாரம் அவர் எதையும் மாற்ற வேண்டாம். நாடியை எத்தனை தடவை தொட்டேன், எத்தனை தடவை வீட்டில் கேட்டேன் என்று ஒரு தாளில் கோடு மட்டும் போட்டு வரட்டும். கோடுகளைப் பார்த்து அவரே அசந்துபோவார். பிறகு ஒரு சின்ன ஒப்பந்தம்: நாடியைத் தொடத் தோன்றும்போது பத்து நிமிஷம் தள்ளிப்போடுவது. பத்து நிமிஷம் கழித்தும் தோன்றினால் தொடலாம். பல தடவை தோன்றாது. பிபி மெஷினை டாக்டர் பார்க்கச் சொன்ன நாளில் மட்டும் எடுப்பது, கூகுளில் அறிகுறி தேடுவதை அடியோடு நிறுத்துவது என்று அடுத்தடுத்து.

ஒதுங்கியவற்றுக்கு ஒரு வரிசை போட்டுக்கொள்ள வேண்டும், லேசானதிலிருந்து கடினமானது வரை. அவருடைய வரிசை இப்படி இருக்கலாம்: செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பது; போஸ்டர் ஒட்டும் சுவருக்கு முன்னால் நின்று முழுவதும் படிப்பது; இறந்துபோன சக ஊழியரின் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியிடம் நாலு வார்த்தை பேசுவது; சுடுகாடு இருக்கிற சாலையில் நடப்பது. ஒவ்வொன்றிலும் பயம் ஏறும். ஏறியதும் ஓடிவிட்டால் பயன் இல்லை. அது தானாக இறங்குகிற வரைக்கும், அல்லது "பயம் இருக்கிறது, ஆனாலும் நிற்க முடிகிறது" என்று தெரிகிற வரைக்குமாவது நிற்க வேண்டும். மறுநாள் மறுபடி அதே இடம்.

உடம்பின் சத்தங்களுக்கும் இதே முறைதான். டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, வேண்டுமென்றே மூன்று மாடி வேகமாக ஏறி இதயத்தைப் படபடக்க வைப்பது, நின்ற இடத்தில் சுற்றித் தலையைக் கிறுகிறுக்க வைப்பது. அந்த உணர்வு வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு பழகும். இதை ஓர் உளவியலாளரோடு சேர்ந்து தொடங்குவது நல்லது.

மூச்சுப் பயிற்சியும் உதவும். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. வெளியே விடுவதை நீட்டினால் துடிப்பு தணியும். ஆனால் "மூச்சுப் பயிற்சி செய்ததால்தான் சாகாமல் இருந்தேன்" என்ற அளவுக்குப் போய்விட்டால் அதுவும் நாடி எண்ணுவதைப் போலத்தான்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வேலை உண்டு. நாளைக்குப் பத்து முறை "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறவருக்குப் பத்து முறை "ஆகாது" என்று சொல்வது பாசம்தான், ஆனால் வட்டியைக் கட்டுவதும் அதுதான். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, "பயம் வந்திருக்கு போல, கொஞ்ச நேரம் உன்கூட உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லலாம். "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அதட்டி வாயை மூட வைப்பது மட்டும் வேண்டாம். வெளியே சொல்ல முடியாத பயம் உள்ளே இன்னும் கொழுக்கும்.

"ஒரு நாள்" என்கிற பயம்

இரண்டாவது பயம் முதியவர்களுக்குத்தான் அதிகம் இருக்கும் என்று நினைப்போம். ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது நேர்மாறு. இளவயதிலும் நடுவயதிலும்தான் இது தூக்கலாக இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டி "கூப்பிட்டா போக வேண்டியதுதான்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் முப்பது வயதுப் பேரனுக்குத்தான் தூக்கம் போகும்.

இதற்கு முதல் வேலை, சாவில் எது பயமாக இருக்கிறது என்று தன்னையே கேட்பது. பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

"நான் போய்விட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்பது ஒரு பதில். இது பாதி தத்துவம், பாதி காகித வேலை. காகித வேலையைச் செய்துவிடலாம். வங்கிக் கணக்குக்கும் பிஎஃபுக்கும் நாமினி போட்டிருக்கிறதா, டெர்ம் இன்ஷூரன்ஸ் உண்டா, பத்திரங்கள் எந்த பீரோவில் இருக்கின்றன என்று இன்னொருவருக்குத் தெரியுமா? இந்தியாவில் உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் செல்லும். உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்ற நினைப்புதான் பலரைத் தடுக்கிறது. ஒதுங்கியதை நோக்கிப் போவதற்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

"கடைசியில் வலியில் கிடப்பேனோ" என்பது இன்னொரு பதில். இதற்கு வலிநிவாரணப் பராமரிப்பு என்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. புற்றுநோயின் கடும் வலியைக்கூட வாய்வழி மார்ஃபின் போன்ற மருந்துகளால் பெருமளவு கட்டுப்படுத்த முடியும். இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதைச் சிக்கலாக்கியிருந்த போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் இந்தப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. எல்லா ஊரிலும் எல்லாருக்கும் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் "வலி வந்தால் அனுபவிக்க வேண்டியதுதான்" என்ற காலம் போய்விட்டது.

மூன்றாவது பதில்தான் கடினம். "நான் என்கிற இந்த ஆளே இல்லாமல் போவது எப்படி?" இதற்குக் காகிதமும் இல்லை, மாத்திரையும் இல்லை. 1896 ஜூலையில் மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பள்ளி மாணவரை, உடம்புக்கு எதுவும் இல்லாத ஒரு நாளில், சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று பிடித்தது. அவர் டாக்டரையும் தேடவில்லை, பெரியவர்களையும் கூப்பிடவில்லை. கைகாலை விறைப்பாக நீட்டிப் பிணம் போலப் படுத்துக்கொண்டு, சாவது எது என்று பார்த்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆறு வாரம் கழித்துத் திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷி என்று உலகம் அவரை அறிந்தது. அவர் கண்டடைந்த ஆன்மிக முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். என் கண்ணில் படுவது அதற்கு முந்தைய நிமிஷம்: பயம் வந்தது, பையன் ஓடவில்லை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இதை முயன்று பாருங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கடும் பதற்றத்தில் இருக்கிறவருக்குத் தனிமை கூடுதல் சுமை.

சாதாரண ஆட்களுக்குச் சாதாரண வழி உண்டு. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், சாயங்காலமாக, இந்த நினைப்புக்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் நோட்டில் எழுதலாம், அழலாம், கேள்வி கேட்கலாம். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் அதோடு வாதாடாமல் "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவையுங்கள். படுக்கையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். எழுத எழுதப் பலருக்கு ஒன்று தெரியவரும்: பயத்தின் கணிசமான பங்கு, வாழாமல் விட்டவற்றைப் பற்றியது. பேசாமல் இருக்கும் அண்ணன், எழுதாமல் விட்ட தேர்வு, போகாத ஊர். அவற்றில் சிலவற்றுக்கு இந்த மாதமே ஏதாவது செய்ய முடியும்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்?

வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறது, வீட்டை விட்டுத் தனியாக வெளியே போகவே முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். சாவுக்குப் பயப்படுகிற சிலருக்கு "நானே என்னை ஏதாவது செய்துகொள்வேனோ" என்ற நினைப்பும் விருப்பமில்லாமல் வந்து மிரட்டும். இது பதற்ற நோயின் ஒரு முகமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயம் அல்ல. உண்மையிலேயே செத்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

சிகிச்சை இரண்டு வகை, பல நேரம் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்வதுதான் பேச்சுச் சிகிச்சை. பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் மாற்றம் தெரியும். மாத்திரை என்றால் எஸ்சிட்டலோபிராம் போன்றவை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் சில நாள் பதற்றம் கொஞ்சம் கூடினாலும் கூடலாம். இது தெரியாமல் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு "எனக்கு மாத்திரை ஒத்துக்கவில்லை" என்கிறவர்கள் நிறைய. அல்பிரசோலம் மாதிரி உடனே அமைதிப்படுத்தும் மாத்திரைகள் பழக்கமாகிவிடும். அவற்றை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம், தொடர்ந்து சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926. கூப்பிட்டதும் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "சாவைப் பத்தி ரொம்ப பயமா இருக்கு, தூங்க முடியல" என்று தொடங்குங்கள், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.